அரண்மனையில் பிறந்த எழுத்து, சந்தையில் வாழும் எழுத்து



வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையிடம் பெற்ற தாய் கேட்கும் முதல் கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். "சாப்பிட்டியாம்மா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "எங்கேயாச்சும் போய்ப் பார்த்தியா?" என்பது. தென்கொரியத் தலைநகரான சியோலுக்குப் பொறியியல் படிக்க வந்து ஐந்து மாதங்கள் வரை, "இன்னும் இல்லைம்மா" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் பேரா மாநிலத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் வளர்ந்தவள். பாட்டி பால்மரம் வெட்டியவர். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில்தான் படித்தேன். "தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை எப்படி முன்னுக்கு வரும்?" என்று அம்மாவிடம் கேட்ட உறவினர்கள் உண்டு. அந்தச் சொல் எனக்குள் எங்கோ தங்கிவிட்டது போலும். மொழி வகுப்பில் முதல் நாள் அறிமுகத்தின்போது, எனக்கு மலாயும் ஆங்கிலமும் தெரியும் என்று மட்டும் சொன்னேன். தமிழைச் சொல்லவில்லை.

அந்த மொழி வகுப்பிலேதான் இரண்டு தேர்வுகளில் தோற்றுப்போனேன். ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற எண்ணம் வந்த ஒரு சனிக்கிழமை, அறையில் அழுதுகொண்டிருப்பதைவிட அரண்மனையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். நீங்களும் என்னோடு வாருங்கள்!

மலையடியில் ஒரு மாளிகை

கியோங்போக்குங் அரண்மனைக்குப் போக, அதே பெயருள்ள ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும். நான் சென்றபோது நுழைவுச் சீட்டு 3,000 வொன். நம் பணத்தில் பத்து வெள்ளிக்குள் அடங்கிவிடும். கொரியரின் மரபு உடையான ஹன்போக் அணிந்து வந்தால் அதுவும் வேண்டாம், இலவசம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: செவ்வாய்க்கிழமை அரண்மனை மூடியிருக்கும்.

பின்னால் புகாக்சான் மலை, முன்னால் குவாங்ஹ்வாமுன் என்னும் பெருவாயில். உள்ளே அரியணை மண்டபம். அதன் முற்றத்தில் சிறு கற்கள் இரு வரிசையாக நிற்கின்றன. எந்தப் பதவியில் உள்ளவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டும் கற்கள் அவை. சற்று அப்பால் குளத்தின் நடுவே, 48 கல்தூண்கள் தாங்கி நிற்கும் விருந்து மண்டபம். அதன் நிழல் நீரில் விழும் அழகை எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண் சலிக்காது.

ஆனால் வாசகர்களே, இந்த அழகு எத்தனை முறை அழிந்து எழுந்தது தெரியுமா? ஜோசொன் அரச மரபினர் 1395-ல் கட்டிய அரண்மனை, 1592-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது தீக்கிரையானது. 270 ஆண்டுகளுக்கு மேல் பாழாய்க் கிடந்து, 1867-ல் மீண்டும் எழுந்தது. 1910-ல் நாடே ஜப்பானின் கைக்குப் போனது. மண்டபங்கள் பலவற்றை இடித்தார்கள். அரியணை மண்டபத்தை மறைத்தாற்போல் தங்கள் ஆட்சித் தலைமையகத்தை 1926-ல் கட்டி முடித்தார்கள். நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், 1995 ஆகஸ்டு 15-ல், அந்தக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். பெருவாயிலை மரத்தாலேயே பழைய முறையில் மீட்டுக் கட்டி 2010-ல் திறந்தார்கள். இழந்ததை ஒவ்வொன்றாக மீட்டு வருகிறார்கள்.

அரசர் தந்த எழுத்து

குளத்துக்கு அருகே சுஜொங்ஜொன் என்றொரு மண்டபம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் சேஜோங் மன்னரின் அறிஞர் கழகம் இருந்தது. அதுவரை கொரியர்கள் தங்கள் மொழியைச் சீன எழுத்தில் எழுதிவந்தார்கள். ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கற்க ஏழைக்கு ஏது நேரம்? பாமர மக்களும் தம் மனத்தில் உள்ளதை எழுத வேண்டும் என்று, சேஜோங் 28 எழுத்துகளை 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்டார். இன்று அவற்றில் 24 வழக்கில் உள்ளன.

'ம' ஒலிக்கு ஒரு சிறு சதுரம். அது வாயின் வடிவம். 'ந' ஒலிக்கு, நாக்கின் நுனி மேலே தொடும் வடிவம். பார்த்தால் அச்சாக நம்முடைய 'ட'! நான் வகுப்பில் தடுமாறியதே அங்கேதான். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டாக நிற்பதைக் கண்டபோது, "இது நம் உயிர்மெய் போல அல்லவா இருக்கிறது!" என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மாதமாக ஆங்கிலத்தின் வழியே கற்க முயன்று திணறியவள், என் கையிலிருந்த சாவியை மறந்திருக்கிறேன்!

இந்த எழுத்தை எல்லாரும் வரவேற்றார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. சீன எழுத்தை விடுவது நாகரிகமாகாது என்று கழகத்து அறிஞர் சிலரே 1444-ல் மனுக் கொடுத்தார்கள். அதன் பிறகும் சில நூற்றாண்டுகள் உயர்ந்தோர் அதைத் தாழ்வாகவே எண்ணினார்கள். அரசாங்கப் பத்திரங்களும் தேர்வுகளும் சீன எழுத்திலேயே நடந்தன. அப்படியானால் அதைக் காத்தவர்கள் யார்? வீட்டில் கடிதம் எழுதிய பெண்களும், கதை படித்த சாதாரண மக்களும்தாம். 1930-களின் இறுதியில் ஜப்பானிய ஆட்சி பள்ளிகளில் கொரிய மொழியை ஒடுக்கியபோதும், அது வீடுகளில் வாழ்ந்தது.

சந்தையில் ஒரு சித்தி

அரண்மனையை விட்டு ரயிலேறி, ஜொங்னோ 5-கா நிலையத்தில் இறங்கினேன். பக்கத்திலேயே குவாங்ஜாங் சந்தை. கொரிய வணிகர்கள் 1905-ல் தொடங்கியது. மேல்மாடியில் பட்டுத் துணியும் ஹன்போக்கும். கீழே கூரைக்கு அடியில் வரிசை வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். நம் ஊர் பாசார் மாலாமில் நடப்பது போல் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும்.

ஒரு கடையில் கல் திருகை சுழல்கிறது. ஊறவைத்த பாசிப்பயறு அரைபட்டு வழிகிறது. அதில் முளைப்பயறு கலந்து, எண்ணெய் தாராளமாக விட்டு, அடை போலத் தடிமனாகச் சுடுகிறார்கள். பெயர் பிந்தேத்தொக். இதில் இறைச்சி கலப்பதும் உண்டு. பக்கத்துக் கடையில் பச்சை மாட்டிறைச்சியும் விற்பார்கள். ஆகவே கேட்டு வாங்குங்கள்.

கடைக்கார அம்மையாரை எல்லாரும் "இமோ" என்று அழைத்தார்கள். தாயின் உடன்பிறந்தாள் என்று பொருள்; நம் சித்தி, பெரியம்மா! நானும் "இமோ" என்றேன். இறைச்சி இல்லாததாக ஒன்று சுட்டுக் கொடுத்துவிட்டு, "உங்கள் ஊரில் தாயை எப்படி அழைப்பீர்கள்?" என்று கேட்டார்.

"அம்மா" என்றேன்.

"எங்களுக்கு ஒம்மா. தந்தையை?"

"அப்பா."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்களுக்கும் அப்பாதான்! இதை வைத்து இரு மொழியும் ஒரே குடும்பம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குழந்தையின் வாயில் முதலில் எழும் ஒலிகள் இவை என்பதால், பல மொழிகளில் இப்படி அமைகிறது. ஆனாலும் அந்த நேரத்தில் என் கண் கலங்கியது உண்மை.

"எழுதிக் காட்டு" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். அவர்கள் எழுத்தில் "அம்மா" என்று எழுதினேன். தவறில்லாமல் நான் எழுதிய முதல் கொரியச் சொல், தமிழ்ச் சொல்லாக இருந்தது. அதன் கீழே தமிழிலும் எழுதினேன். அவர் அதை எண்ணெய் படாத இடமாகப் பார்த்துச் செருகி வைத்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, "எனக்கு மூன்று மொழிகள் தெரியும். முதல் மொழி தமிழ்" என்றேன். அடுத்த தேர்வில் முதலிடம் பெற்றேன் என்று சொன்னால் அது பொய். தேறினேன், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும் எண்ணம் போயிற்று.

உங்கள் வீட்டுப் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போகிறதா? வெளிநாடு செல்லும் நாளில் பெட்டியில் அரிசியும் மிளகாய்த் தூளும் வைப்பீர்கள். கூடவே ஒரு சொல்லும் சொல்லி அனுப்புங்கள்: "எத்தனை மொழி தெரியும் என்று யாராவது கேட்டால், தமிழிலிருந்து எண்ணத் தொடங்கு."