கிரகணமும் கர்ப்பிணிகளும்: குழந்தையின் உதட்டுப் பிளவுக்கு நிலாவா காரணம்?

"வெளிய வராதே. கத்தியைத் தொடாதே. படுத்தா கை காலை மடக்காம நீட்டிப் படு."

கிரகணத் தேதி நெருங்கினால் போதும், கர்ப்பிணி இருக்கும் வீட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த லிஸ்ட் வந்து விழுந்துவிடும். ஜன்னலை மூடணும், திரை போடணும், கிரகணம் விடும்வரை தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. மீறினால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும்.

சொல்பவர்கள் யாரும் வில்லன்கள் இல்லை. அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அக்கறையை அப்படியே கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. இந்தியா முழுக்கத் தெரிந்த முழு சந்திர கிரகணம். இரவு 9.57-க்குத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி 1.26-க்கு முடிந்தது. சந்திர கிரகணத்துக்கு மூன்று யாமம், அதாவது 9 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்பது பழைய விதி. அப்படிப் பார்த்தால், மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டவர் அடுத்து வாயில் எதையாவது வைப்பது இரவு 1.30-க்கு. பன்னிரண்டரை மணி நேரம்!

கர்ப்ப காலத்தில் இவ்வளவு நேரம் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை மற்றவர்களைவிட வேகமாக இறங்கும். தண்ணீரும் குடிக்காவிட்டால் தலைசுற்றல், மயக்கம் வரை போகலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் கர்ப்பிணி என்றால் விஷயம் இன்னும் சீரியஸ். இத்தனைக்கும் குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகளுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு என்று பஞ்சாங்கக்காரர்களே சொல்வது வழக்கம். அந்த வரி மட்டும் ஃபார்வேர்டில் வருவதே இல்லை.

உதடு எப்போது உருவாகிறது?

கருவின் முகம் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வரும் திசுக்கள் நடுவில் ஒட்டிச் சேர்வதால் உருவாகிறது. மேலுதடு சேர்வது கர்ப்பத்தின் 4-வது வாரத்திலிருந்து 7-வது வாரத்துக்குள். வாயின் மேல் அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள். அந்தச் சில வாரங்களில் திசுக்கள் சரியாக ஒட்டாமல் போனால்தான் பிளவு.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 4-வது, 5-வது வாரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்காது. நாம் அறைக்குள் வைத்துப் பூட்டுவதோ பெரும்பாலும் வயிறு தெரிய ஆரம்பித்தவர்களை, வளைகாப்பு முடிந்தவர்களை. அவர்கள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு உதடு உருவாகி மாதங்கள் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு நிலா மறைந்தால் என்ன, சூரியன் மறைந்தால் என்ன, சேர்ந்த உதடு பிரியப் போவதில்லை.

உண்மையான காரணங்களில் முதலில் வருவது மரபணு. தாயின் புகைப்பழக்கம், கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை நோய், வலிப்புக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பல குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே முடியாது. உதட்டுப் பிளவை ஒரு வயதுக்குள் அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம் என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு உடனே போய்ச் சேர வேண்டிய செய்தி. ஆனால் முதலில் வந்து சேர்வது, "கிரகணத்தன்னைக்கு நீ வெளிய போனியா?" என்ற கேள்வி. பிரசவ வலிகூட ஆறாத பெண், தான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனதை நினைத்து நினைத்து அழ வேண்டியிருக்கிறது. இந்த நம்பிக்கை செய்யும் பெரிய தீங்கு இந்தப் பழிதான்.

சுவாரஸ்யம் என்னவென்றால், இதே பயம் மெக்சிகோவிலும் இருக்கிறது. கிரகணத்தில் நிலா கடிபடுவதுபோலக் குழந்தையின் உதடும் கடிபட்டுவிடும் என்பது அங்கே அஸ்டெக் காலத்துப் பயம். பரிகாரம் மட்டும் தலைகீழ். இங்கே கர்ப்பிணி ஊசி, கத்தி எதையும் தொடக் கூடாது. அங்கே உள்ளாடையில் சேஃப்டி பின் குத்திக்கொண்டால் குழந்தைக்குப் பாதுகாப்பு! இரும்பு ஆபத்தா, காவலா என்பது பிறந்த ஊரைப் பொறுத்தது போல.

அப்போ பாம்பு விழுங்குவது?

பூமி, சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே வந்தால் அதன் நிழல் நிலாமேல் விழும். அது சந்திர கிரகணம். நிலா நடுவே வந்து சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம். ஸ்கூலிலேயே படித்ததுதான். இந்த நிழல் கணக்கை கி.பி. 499-லேயே 'ஆரியபடீயம்' நூலில் ஆரியபட்டர் எழுதிவிட்டார்.

அப்படியானால் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை? நிலாவின் பாதை, பூமியின் பாதையைவிட சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்த இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்வது எதிரெதிரான இரண்டே புள்ளிகளில். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நடந்தால்தான் கிரகணம். அந்தப் புள்ளிகளின் பெயர்தான் ராகு, கேது. அவை பின்னோக்கி நகர்ந்து வானத்தை ஒரு முறை சுற்றிவர 18.6 ஆண்டுகள் ஆகும். 12 ராசிக்கு வகுத்துப் பாருங்கள். ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை ராகு-கேது பெயர்ச்சி வருவது ஏன் என்று புரியும்.

ஆக, பஞ்சாங்கம் போட்டவர்களுக்குப் பாம்பு தேவைப்படவில்லை. 1825-ல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், ஜான் வாரன் என்ற ஆய்வாளரின் முன்னால் உட்கார்ந்து, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அந்த ஆண்டு மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம் பிசகியது என்றாலும், பேப்பரும் பேனாவும் இல்லாமல் போட்ட கணக்கு அது. பெருமைப்பட வேண்டியது இதற்குத்தான்.

உலக்கை மேட்டருக்கு அதிக நேரம் தேவையில்லை. அடிப்பாகம் தட்டையாக இருந்து, எடை நேராக நடுவில் இறங்கினால் உலக்கை எந்த நாளும் நிற்கும். மற்ற நாளில் யாரும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவே. சாப்பாட்டுக் கதையும் அப்படித்தான். வெளிச்சம் குறைந்தால் கிருமி பெருகி உணவு விஷமாகும் என்றால், தினமும் ராத்திரி என்ன ஆகிறது?

பயப்பட வேண்டியது எதற்கு?

கண்ணுக்கு. சந்திர கிரகணத்தைக் கர்ப்பிணி உட்பட யாரும் வெறும் கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். சூரிய கிரகணத்தை அப்படிப் பார்க்கவே கூடாது. சாதாரண நாளில் கூச்சம் தாங்காமல் கண்ணை மூடிவிடுவோம். கிரகணத்தில் வெளிச்சம் குறைவதால் உற்றுப் பார்க்க முடிகிறது. ஆனால் மிச்சமிருக்கும் கீற்று அதே பழைய சூரியன்தான். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. அது கருகும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வரும்போதுதான் தெரியும்.

எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது. மஞ்சள் தண்ணீரிலோ சாணித் தண்ணீரிலோ பிம்பத்தைப் பார்ப்பதும் பாதுகாப்பு இல்லை. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சமையல்கட்டு சல்லடையைத் தூக்கிப் பிடியுங்கள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு குட்டி சூரியன் தரையில் விழும். காசே செலவில்லை, குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

2019 டிசம்பர் 26-ல் கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டையில் தெரிந்த நெருப்பு வளையம் ஞாபகம் இருக்கலாம். இந்த வகை கிரகணத்தில் சூரியன் முழுசாக மறையும் நொடி என்று ஒன்று கிடையாது. அதனால் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. அடுத்த வளையம் 2031 மே 21, புதன்கிழமை மதியம், கத்திரி வெயிலில் தேனி, மதுரை, காரைக்குடி பக்கம் வருகிறது.