"இறைவன் ஒருவனே" என்று எழுதிவைத்த தேவாலயங்கள்

யூனிட்டேரியன் என்ற சொல் எமது வாசகர்களுக்கு முற்றிலும் புதியதல்ல. முஹம்மத் அதாஉர் ரஹீம் 1977இல் ஆங்கிலத்தில் எழுதிய 'இஸ்லாத்தின் நபி இயேசு' என்ற நூலை அறிந்தவர்களுக்கு சேர்வேட்டஸ், பிரான்சிஸ் டேவிட், பிரீஸ்ட்லி ஆகிய பெயர்கள் பரிச்சயமானவை. "பாருங்க, கிறிஸ்தவங்களுக்குள்ளேயே திரித்துவத்தை மறுத்த ஆக்கள் இருந்திருக்காங்க" என்று விவாதங்களில் இவர்களைச் சாட்சிக்கு அழைப்போம். சாட்சி முடிந்ததும் அனுப்பிவிடுவோம். அந்த மனிதர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி வணங்குகிறார்கள், எதைக் கொண்டு ஒரு சமூகமாக நிற்கிறார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை. இங்கே நான் சொல்ல வந்தது அந்த விஷயத்தைத்தான்.

இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியான திரான்சில்வேனியா, 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தானின் மேலாதிக்கத்துக்குட்பட்ட சிற்றரசாக இருந்தது. அதன் மன்னர் ஜான் சிகிஸ்மண்ட் காலத்தில், 1568இல், டோர்டா நகரில் கூடிய சபை ஒரு தீர்மானம் எடுத்தது. போதகர் தாம் விளங்கிக்கொண்டபடி போதிக்கலாம். ஈமான் இறைவனின் கொடை, ஆகவே அதற்காக எவரையும் தண்டிக்கக் கூடாது என்பது அதன் சாரம். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் பற்றிய அல்பகரா வசனத்தை ஓதிப் பழகிய எமக்கு இது ஆச்சரியமாக இராது. ஆனால் அன்றைய ஐரோப்பாவில் இது லேசான காரியமல்ல. 15 வருடங்களுக்கு முன்னர்தான், 1553இல், ஜெனீவாவில் சேர்வேட்டஸை உயிரோடு எரித்திருந்தார்கள்.

அந்த மன்னரின் அரசவைப் போதகர்தான் பிரான்சிஸ் டேவிட். அவர் கட்டியெழுப்பிய திருச்சபை இன்றும் அங்கே ஹங்கேரிய மொழி பேசுவோரிடையே உயிர்வாழ்கிறது. கொலோஷ்வார் நகரில் அதன் பேராயர் இருக்கிறார். கிராமத்துத் தேவாலயங்கள் வெள்ளையடித்த எளிய கட்டடங்கள். சிலைகள் இல்லை. பல இடங்களில் "எஜ் அஸ் இஷ்டென்" என்று எழுதப்பட்டிருக்கும். இறைவன் ஒருவனே என்பது அதன் பொருள். எமக்குக் குத்பா போல, அவர்களது வழிபாட்டின் மையம் பிரசங்கம். பல கிராமங்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக அமர்வது பழைய வழக்கம். வருடத்தில் நான்கு தடவை, அதாவது நத்தார், உயிர்த்த ஞாயிறு, பெந்தெகொஸ்தே, இலையுதிர்கால நன்றிநாள் ஆகிய தினங்களில், அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வார்கள். அது ஈஸா (அலை) அவர்களை நினைவுகூரும் செயல் மட்டுமே. அப்பம் வேறொன்றாக மாறுவதாக அவர்கள் நம்புவதில்லை.

ஆனால் டேவிடின் முடிவு கசப்பானது. 1571இல் மன்னர் மரணித்தார். அடுத்து வந்த கத்தோலிக்க ஆட்சியில், மார்க்கத்தில் புதிதாக எதையும் புகுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. பிரார்த்தனை இறைவனிடம் மட்டுமே செய்யப்பட வேண்டும், இயேசுவிடம் அல்ல என்று டேவிட் போதித்தார். அதைப் புத்தாக்கம் என்று குற்றஞ்சாட்டி நின்றவர், திரித்துவ மறுப்பில் அவரோடு தோளோடு தோள் நின்ற அரண்மனை வைத்தியர் பியான்ட்ராட்டா. டேவிட் 1579இல் தேவா கோட்டைச் சிறையிலேயே உயிர்நீத்தார்.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகப் போனது. அங்கே யூனிட்டேரியன் சங்கம் 1825இல் உருவானது. 1961இல் அது, எல்லோருக்கும் இறுதியில் மீட்சி உண்டு என்று நம்பிய யூனிவர்சலிஸ்ட் பிரிவோடு இணைந்தது. இன்று அங்கே ஞாயிறு வழிபாடு, கிண்ணமொன்றில் தீபம் ஏற்றுவதோடு தொடங்கும். நாஜிகளிடமிருந்து தப்பிய அகதிகளுக்கு உதவிய யூனிட்டேரியன் சேவைக் குழுவுக்காக, ஹான்ஸ் டொய்ச் என்ற ஓவியர் 1941இல் வரைந்த சின்னம் அது. பின்னர் பாடல், பிரசங்கம். பல சபைகளில் அங்கத்தவர்கள் எழுந்து அந்த வாரத்து மகிழ்ச்சியையும் துயரத்தையும் சொல்வார்கள். முடிந்ததும் கோப்பி குடித்துக் கதைத்திருப்பார்கள். போதகரை நியமிப்பதும் சபையாரின் வாக்குத்தான். எல்லோரும் மொழிய வேண்டிய கலிமா போன்ற ஒன்று அங்கே கிடையாது. பைபிளை நம்புபவருக்குப் பக்கத்தில் இறைவனையே நம்பாதவரும் அங்கத்தவராக இருப்பார். இதென்ன புதினம் என்று கேட்கத் தோன்றும். நம்பிக்கையால் அல்ல, ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வோம் என்ற உடன்படிக்கையால் இணைந்திருக்கிறோம் என்பார்கள் அவர்கள்.

பிராக் நகரில் நோர்பர்ட் சாபெக் என்ற போதகர் 1923இல் ஒரு பூ வழிபாட்டைத் தொடங்கினார். வருபவர் ஒவ்வொருவரும் ஒரு பூவைக் கொண்டுவந்து வைப்பார். போகும்போது வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துச் செல்வார். சாபெக்கை நாஜிகள் கைதுசெய்து 1942இல் கொன்றார்கள். அவரது பூ வழிபாடு இன்று பல நாடுகளில் நடக்கிறது.

எமது பிராந்தியத்திலும் இவர்கள் உண்டு. வில்லியம் ரொபர்ட்ஸ் என்ற தமிழர் 1795இல் சென்னையில் ஒரு யூனிட்டேரியன் சபையை நிறுவினார். மேகாலயாவில், வேல்ஸ் மிஷனரிகளின் சபையை விட்டு விலகிய ஹாஜொம் கிஸோர் சிங், 1887 செப்டம்பர் 18இல் ஜொவாயில் முதல் வழிபாட்டை நடத்தினார். காசி மொழியிலேயே துதிப்பாடல்களை இயற்றினார். அங்கே இன்றும் ஏக இறைவன் மீதான நம்பிக்கைதான் அத்திவாரம்; அமெரிக்காவில் போல அது கரைந்துபோகவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது மௌலவி நண்பரொருவர் கேட்டார்: "அப்ப அவங்க எங்கட ஆக்களுக்குக் கிட்டத்தானே?" எனது பதில், இல்லை என்பதுதான். திரான்சில்வேனியாவில் இருப்பவர் பைபிளைப் பற்றி நிற்கும் கிறிஸ்தவர். முஹம்மத் (ஸல்) அவர்களின் தூதுத்துவம் அவரது நம்பிக்கையில் இல்லை. பொஸ்டனில் இருப்பவர் தன்னைக் கிறிஸ்தவர் என்றே சொல்லாமலிருக்கலாம். இருவரையும் "பாதி முஸ்லிம்" ஆக்குவது அவர்களுக்கும் நியாயமல்ல, தவ்ஹீதுக்கும் நியாயமல்ல.

ஆனால் அவர்களது வரலாற்றில் எமக்குப் படிப்பினை உண்டு. இறைவன் ஒருவன் என்று ஒரே வார்த்தையைச் சொன்னவர்கள்தான் டேவிடைச் சிறைக்கு அனுப்பவும் துணைபோனார்கள். எனது ஊரில் தராவீஹ் ரக்அத் எண்ணிக்கையில் தொடங்கிய பிணக்கு இரண்டு பள்ளிவாசல்களில் போய் முடிந்தது. சொந்தச் சகோதரர்கள் சலாம் சொல்வதையும் நிறுத்திக்கொண்டார்கள். கலிமா ஒன்று, கிப்லா ஒன்று. ஆனாலும் இந்த நிலை. வார்த்தையில் உள்ள ஒற்றுமை தானாக மனிதர்களுக்குள் இறங்கிவிடுவதில்லை. அதற்குத் தனியாகப் பாடுபட வேண்டும். அடுத்த தடவை மேடையில் பிரான்சிஸ் டேவிடைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், அவர் எதை மறுத்தார் என்பதோடு, எவரால் சிறைக்குப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.