நோவு கையில், காரணம் தோளில்

பேனா நழுவிக் கீழே விழுந்தது.

"விரல் மரத்துப் போச்சு தம்பி. எழுத வரலை" என்றார் அந்த அக்கா.

அவர் எங்கள் மாலை வகுப்புக்கு வருபவர். கட்டட வேலையில் சித்தாள். பகல் முழுவதும் தலையில் செங்கல் சுமப்பார். சுமையைப் பிடிக்கக் கைகள் மேலேயே இருக்கும்.

"வாயுப் பிடிப்பு. எண்ணெய் தேய்த்தால் போகும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அரசு மருத்துவமனைக்குப் போனபோது வேறு காரணம் தெரிந்தது.

உங்கள் கழுத்துக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். குறுக்கே ஓர் எலும்பு தட்டுப்படும். அது காறை எலும்பு. அதன் அடியில் முதல் விலா எலும்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. கைக்குப் போகும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் இந்த வழியாகத்தான் போகின்றன.

சந்து குறுகினால் இவை நசுங்கும். ஏன் குறுகுகிறது?

• பல காலம் பாரம் சுமப்பது
• கையைத் தூக்கியபடியே வேலை செய்வது
• காறை எலும்பு முறிந்து கோணலாகக் கூடுவது
• சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருப்பது

பெரும்பாலும் நசுங்குவது நரம்புதான். அப்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். பிடி தளரும். இரத்தக் குழாய் நசுங்கினால் கை வீங்கும், நீலம் பாயும். அல்லது வெளுத்துச் சில்லிடும்.

திடீரென்று கை வீங்கி நீலமானாலும், வெளுத்துச் சில்லிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் உறைந்து குழாய் அடைத்திருக்கலாம். கை வலியோடு நெஞ்சு வலியும் வியர்வையும் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை நோயாலும் கை மரக்கும். கழுத்து எலும்புத் தேய்மானத்தாலும் மரக்கும். எனவே டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பலருக்கு உடற்பயிற்சியே போதும். சிலருக்குத்தான் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

"வேலையை விட்டால் சோறு ஏது?" என்று அக்கா பயந்தார். மேஸ்திரியிடம் பேசினோம். இப்போது பாதிச் சுமைதான் தூக்குகிறார். நடுநடுவே கையைத் தொங்கவிட்டு ஓய்வு தருகிறார். மருத்துவமனையில் கற்றுத் தந்த பயிற்சியைத் தினமும் செய்கிறார்.

நான்கு மாதம் ஆயிற்று. மரப்பு முழுவதும் போகவில்லை. ஆனால் பேனா நழுவுவதில்லை.

உங்கள் விரல் அடிக்கடி மரக்கிறதா? பொறுத்துக் கொண்டே இருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.