தரகர் யாருடைய ஆள்?

1997-ஆம் வருடம் டோம்பிவிலி கிழக்கில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். அதுவரை கல்யாணில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசம். புரோக்கர் காட்டிய நான்காவது இடம் அது. ஒரு படுக்கையறை, மூன்றாவது மாடி, விலை 4,60,000 ரூபாய். "ஓனர் ஒரு பைசா இறங்கமாட்டார், சாஹேப். சாயந்திரம் வேறு பார்ட்டி பார்க்க வருகிறது. பிடித்திருந்தால் இப்போதே டோக்கன் கொடுத்துவிடுங்கள்" என்றார் புரோக்கர். அன்று பிற்பகலே 11,000 ரூபாய் கொடுத்தேன். மிச்சத்துக்கு பி.எஃப். பணம், சொசைட்டிக் கடன், மனைவியின் வளையல்கள். பத்திரம் முடிந்ததும் இரண்டு சதவீதத் தரகாக 9,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். விற்றவரும் அதே தொகையைக் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து, விற்ற பெரியவரை லோக்கல் வண்டியில் சந்தித்தேன். வீடு சௌகரியமாக இருக்கிறதா என்று அன்போடு விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, "நாலு முப்பது வந்தாலே கொடுத்துவிடலாம் என்று புரோக்கரிடம் சொல்லியிருந்தேன். கெட்டிக்காரர், நாலு அறுபது வாங்கிக் கொடுத்துவிட்டார்" என்றார். அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் தாதர் வரும்வரை பேச்சு எழவில்லை. அந்த முப்பதாயிரம் அன்றைக்கு என் நான்கு மாதச் சம்பளம்.

அந்தப் புரோக்கரை வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் கேள்வியே வேறு என்று புரிந்தது. அவர் பெரியவரின் ஆளாக இருந்தால் செய்தது முற்றிலும் சரி. நல்ல விலை வாங்கித் தருவதுதான் அவர் கடமை. என் ஆளாக இருந்தால் செய்தது துரோகம். இருவரிடமும் கூலி வாங்கிக்கொண்ட அவர் யாருடைய ஆள்? அதை நானும் கேட்கவில்லை, பெரியவரும் கேட்கவில்லை.

1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182-ஆம் பிரிவிலிருந்து முகவர் சமாச்சாரம் தொடங்குகிறது. ஒருவருக்காக ஒரு காரியத்தைச் செய்யவோ, அவர் சார்பில் மூன்றாம் மனிதரிடம் பேசவோ அமர்த்தப்பட்டவர் முகவர். அமர்த்தியவர் சொன்னபடி நடக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், வாங்கிய பணத்தை ஒப்படைக்க வேண்டும். இவையெல்லாம் 211 முதல் 218 வரை உள்ள பிரிவுகளில் இருக்கின்றன. இந்த உறவு உண்டாகக் காகிதம் கட்டாயமில்லை. வாய்ச்சொல்லும் நடத்தையும் போதும். சிக்கலே அங்குதான். காகிதம் இல்லாவிட்டால், சண்டை வரும் நாளில் "நான் வெறுமனே அறிமுகம் செய்து வைத்தவன்" என்று அவர் விலகிக்கொள்வார். இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே வேலை செய்வது குற்றமல்ல. இரு தரப்புக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் தெரிவிப்பதும் இல்லை, சம்மதம் கேட்பதும் இல்லை. கூலி மட்டும் இரண்டு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை 4,30,000 ஆகியிருந்தால் புரோக்கருக்கு என்னிடமிருந்து 8,600 ரூபாய் கிடைத்திருக்கும். 4,60,000 ஆனதால் 9,200. எனக்கு முப்பதாயிரம் போன இடத்தில் அவருக்கு வந்தது கூடுதலாக அறுநூறு, பெரியவரிடமும் அதே அறுநூறு. ஆனால் வியாபாரம் முறிந்திருந்தால் அவருக்குப் பூஜ்யம். ஆகவே அவர் கவலையெல்லாம் விலையைப் பற்றி அல்ல, முடிவதைப் பற்றி. "சாயந்திரம் வேறு பார்ட்டி" என்ற வசனம் எதற்கென்று இப்போது விளங்கும்.

புதிய கட்டடங்களில் கதை வேறு மாதிரி. "உங்களிடம் ஒரு பைசா வாங்கமாட்டேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்மவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். அவருக்குக் கூலி பில்டர் கொடுக்கிறார். அவர் பில்டரின் ஆள். அதில் தவறில்லை, நமக்குத் தெரிந்திருந்தால் சரி. 2016-ஆம் வருடத்து ரேரா சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் விற்றுக்கொடுக்கும் ஏஜெண்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இது 2017 மே மாதம் முதல் தேதி அமலுக்கு வந்தது. மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், வீட்டு விலையில் ஐந்து சதவீதம் வரை போகலாம். நம்பரைக் கேளுங்கள், மகாரேரா இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் நீங்களும் நானும் நம் பழைய ஃபிளாட்டைக் கைமாற்றிக்கொள்வதிலும், வாடகைக்கு விடுவதிலும் ரேரா தலையிடுவதில்லை. அங்கே இன்றும் அந்த 1872 சட்டம்தான் துணை.

தரகருக்கு அடுத்த படி, நமக்காகக் கையெழுத்தே போடும் பவர் ஏஜெண்ட். ஊரில் மனை வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்கும் நமக்கு இது நெருக்கமான விஷயம். எங்கள் காலனியில் இருந்த ஓர் அன்பர், திருநெல்வேலிப் பக்கத்தில் தகப்பனார் விட்டுப்போன பன்னிரண்டு சென்ட் மனையை விற்க உள்ளூர்த் தரகர் ஒருவருக்கே பவர் எழுதிக் கொடுத்தார். இதற்குக் குறையாமல் விற்கவும் என்று ஒரு விலையையும் சொல்லியிருந்தார். தரகர் சரியாக அந்த விலைக்கே, ஒரு ரூபாய் கூடாமல், விற்றுப் பணத்தை அனுப்பினார். வாங்கியவர் தரகரின் மைத்துனர் என்பதும், எட்டு மாதத்தில் மனை ஒன்றரை மடங்குக்குக் கைமாறியது என்பதும் பிறகு ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோதுதான் அன்பருக்குத் தெரிந்தது. முகவர், அமர்த்தியவருக்குத் தெரியாமல் தன் சொந்த ஆதாயத்துக்காக வியாபாரம் செய்தால் அந்த லாபத்தைக் கேட்க 216-ஆம் பிரிவு இடம் தருகிறது. அன்பர் வழக்குப் போடவில்லை. வாய்தாவுக்கு வாய்தா ஊருக்குப் போய்வர அவருக்கு லீவு ஏது?

பவரை ரத்து செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "போனில் சொல்லிவிட்டேன்" என்று உட்கார்ந்திருக்கக்கூடாது. ரத்து என்பது முகவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்த பிறகும், வெளியாரைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரிந்த பிறகும்தான் செல்லும் என்கிறது 208-ஆம் பிரிவு. ஆகவே பதிவு செய்து ரத்து செய்வதோடு முகவருக்குப் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும். எழுதிக் கொடுத்தவர் காலமானால் பவர் பொதுவாக முடிந்துவிடும். பவரை மட்டும் காட்டி யாராவது உங்களுக்கு வீடு விற்க வந்தால், அதனால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் சொன்னதை நினைவில் வையுங்கள்.

2019-இல் அந்த டோம்பிவிலி ஃபிளாட்டை விற்க வேண்டிவந்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என் மனைவியின் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. இம்முறை வேறொரு புரோக்கர். முதலில் ஒரு கடிதம் எழுதி அவர் முன் வைத்தேன். நீங்கள் என் சார்பில் மட்டும் வேலை செய்கிறீர்கள்; வாங்குபவரிடமும் கூலி பெறுவதானால் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; வருகிற ஒவ்வொரு விலையையும் அன்றன்றே சொல்ல வேண்டும்; வாங்குபவர் உங்கள் உறவினரோ கூட்டாளியோ ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்; கூலி ஒரு சதவீதம், பத்திரம் பதிவான அன்று, அதற்கு முன் இல்லை; இது தொண்ணூறு நாளுக்கு.

கூலி எப்போது என்பதை எழுதுவது அவசியம். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் காரியம் முடிந்த பிறகுதான் கூலி என்று 219-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் காரியம் முடிவது ஆளை அறிமுகம் செய்ததிலா, பத்திரத்திலா என்றுதான் சண்டையே வரும்.

டோக்கனுக்கும் ஒரு வரி எழுதியிருந்தேன்: என் பெயரில் காசோலையாக மட்டும். வீடு, மனை விற்பனைக்கு இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக்கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம்; வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஒற்றைப் பாதைகளில் வண்டிக்கு டோக்கன் கொடுப்பார்கள். ஒன்று வெளியே போய்விட்டால் அது திரும்பும்வரை கருவி இன்னொன்றைத் தராது. புரோக்கரின் சட்டைப்பைக்கு அப்படியொரு பூட்டு கிடையாது. ஒரே வீட்டுக்கு இரண்டு டோக்கன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புரோக்கர் இரண்டு முறை படித்தார். "சாஹேப், முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படி எழுதி யாரும் கேட்டதில்லை" என்று சிரித்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மூன்றாவது வாரம், "வந்திருக்கும் பார்ட்டி என் பங்காளியின் சம்பந்தி, கடிதத்தில் எழுதியிருப்பதால் சொல்கிறேன்" என்று அவரே போன் செய்தார். நான் கேட்ட விலையில் பதினைந்தாயிரம் குறைத்துக்கொண்டு அவர்களுக்கே விற்றேன்.

அந்தக் கடிதத்தின் நகல்கள் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. மராட்டியில் ஒரு நண்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். வேண்டுவோர் ஞாயிறு காலை வந்து பெற்றுக்கொள்ளலாம்.