சேற்றில் விளைந்த தூர்

லூசியானாவில் பிப்ரவரி பிறந்துவிட்டால் போன்சாய் வளர்ப்பவர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மரங்கள் துளிர்விடாமல் மொட்டையாக நிற்கும் கடைசி வாரங்கள் அவை. இடுப்புவரை ஏறும் ரப்பர் பூட்ஸ், பேட்டரி ரம்பம், நாலைந்து சாக்கு எனச் சுமந்துகொண்டு சேற்றில் இறங்கிவிடுவார்கள். குளிர் இருக்கும்வரை பாம்புகள் மந்தமாகக் கிடக்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் அந்தத் தைரியம் உதவாது. காட்டன்மவுத் என்ற விஷப் பாம்பு கட்டைமேல் ஏறிப் படுத்திருக்கும். அவர்கள் தேடிப் போவது பால்ட் சைப்ரஸ் என்ற சதுப்புநில மரத்தை. அந்த மரத்திலும் தலையைப் பற்றிக் கவலை கிடையாது. அவர்களுக்கு வேண்டியது தூர்.

பைன் மரங்களைப் போலக் கூம்பு காய்க்கும் மரம் சைப்ரஸ். ஆனால் பைனைப் போல ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பதில்லை. இறகு மாதிரியான மெல்லிய இலைகள் இலையுதிர் காலத்தில் செம்பழுப்பாக மாறி, சின்னச் சின்னக் குச்சிகளோடு சேர்ந்தே கொட்டிவிடும். அமெரிக்காவின் தென்கிழக்கு முழுக்க ஆற்றோரச் சதுப்புகளில் இது வளர்கிறது. லூசியானா 1963-ல் இதைத் தன் மாநில மரமாக அறிவித்தது. வட கரோலினாவில் பிளாக் ஆற்றோரம் நிற்கும் ஒரு சைப்ரஸுக்குக் குறைந்தது 2,624 வயது என்று டேவிட் ஸ்டால் தலைமையிலான ஆய்வாளர்கள் மரவளையங்களை எண்ணி 2019-ல் வெளியிட்டார்கள். கௌதம புத்தருக்கும் மூத்த மரம், இன்றும் துளிர்க்கிறது.

இவ்வளவு ஆயுளுக்கும் அடித்தளம் அந்தத் தூர்தான். நீர் நிரம்பிய மண்ணில் ஆக்சிஜன் குறைவு. அதனால் வேர்கள் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பரவுகின்றன. கீழே பிடிப்பில்லாத சேறு, மேலே புயற்காற்று. தண்ணீர் எந்த உயரம்வரை ஏறி இறங்குகிறதோ அந்த உயரம்வரை அடிமரம் புடைத்து விரிகிறது. விரியும்போது உருண்டையாக விரிவதில்லை; கொசுவம் வைத்த சேலைபோல மடிப்பு மடிப்பாக இறங்கி, ஒவ்வொரு மடிப்பும் ஒரு பக்கவேராக ஓடுகிறது. தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம் 1791-ல் வெளியான தம் பயண நூலில் இந்தப் புடைப்பை வியந்து எழுதியிருக்கிறார். மரம் வெட்டுபவர்கள் மேடை கட்டி ஏறிநின்று, புடைப்புக்கு மேலே கோடாலி போட்டதையும் பதிவு செய்திருக்கிறார்.

நர்சரியில் வரிசையாக நட்டு, குழாய்த் தண்ணீர் விட்டு வளர்த்த சைப்ரஸுக்கு இந்தத் தூர் எளிதில் வராது. நேராக, வேகமாக, கம்பம்போல் வளர்ந்துவிடும். கிளையை வளைக்கலாம், இலையைச் சிறிதாக்கலாம், உச்சியை மாற்றலாம். போன்சாய்க்காரரின் கை இதையெல்லாம் சில ஆண்டுகளில் செய்துவிடும். பத்து இருபது ஆண்டு வெள்ளமும் வறட்சியும் மாறிமாறிச் செதுக்கியதை மட்டும் கையால் செய்ய முடியாது. காட்டிலிருந்து மரம் எடுப்பவர்களின் ஆசைக்கு இதுதான் நியாயம். அந்த நியாயம் எங்கே முடிகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வேலையைப் பார்ப்போம். அனுபவசாலி ஒருவர் சதுப்பில் நடக்கும்போது மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு, சேற்றைத் துழாவுகிறார். ஆண்டுதோறும் வண்டல் படிவதால் உண்மையான தூர் பல சமயம் சேற்றுக்குள் புதைந்திருக்கும். மேலே நாலு அங்குலக் கம்பாகத் தெரிவது, உள்ளே தடவினால் எட்டு அங்குலத்துக்கு விரியலாம். மேலே கம்பீரமாக நிற்பது, உள்ளே ஒரு பக்கம் வேரே இல்லாமல் ஏமாற்றவும் செய்யும். மடிப்புகள் சுற்றிலும் ஒரே சீராக இருக்கின்றனவா, அடியிலிருந்து மேலே போகப்போகத் தடிமன் படிப்படியாகக் குறைகிறதா என்று விரலாலேயே பார்த்துவிடுவார். மனம் ஒப்பவில்லை என்றால் அடுத்த மரம். எடுப்பதைவிட விட்டுவருவதே அதிகம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

தேர்ந்தெடுத்த பிறகு நடப்பதைப் புதியவர் பார்த்தால் கொலை என்றே நினைப்பார். முதலில் தலையை வெட்டுகிறார்கள். இருபது அடி மரம் இரண்டு அடிக் கட்டையாகிறது, கிளை ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. பிறகு தூரைச் சுற்றி ரம்பத்தைச் சேற்றுக்குள் செருகிப் பக்கவேர்களை அறுக்கிறார்கள். அடியில் ஆணிவேர் இருந்தால் அதையும் தட்டையாக அறுத்துவிடுகிறார்கள். சேற்றின் பிடி விட்டதும் கட்டையை அசைத்துத் தூக்குகிறார்கள். சல்லிவேர் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

மலையில் பாறை இடுக்கிலிருந்து பைனையோ ஜூனிப்பரையோ இப்படி எடுத்தால் பிழைக்காது. அங்கே ஒவ்வொரு சல்லிவேரும் உயிர். ஒரு மரத்தை ஒரே பருவத்தில் பெயர்க்காமல், வேரைப் பகுதி பகுதியாக வெட்டிக் காத்திருந்து எடுப்பவர்களும் உண்டு. சைப்ரஸ் வேறு பிறவி. வெள்ளத்தில் முறிந்தும் புதைந்தும் பழகிய மரம் அது. கூம்பு மரங்களில் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைப்பவை வெகு சில. இளம் சைப்ரஸ் அந்தச் சிலவற்றில் ஒன்று. குளிர்காலத்தில் அதன் உணவெல்லாம் மாவுச்சத்தாகத் தண்டிலும் வேரிலும் சேமிப்பில் இருக்கும். துளிர் விடுவதற்குள் எடுத்துவிட்டால், அந்தச் சேமிப்பை வைத்தே புதிய வேரும் புதிய தளிரும் விட்டுக்கொள்ளும். பிப்ரவரி என்று சொன்னது இதற்காகத்தான். துளிர் கிளம்பிய பிறகு எடுத்தால் சேமிப்பு ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து துவாரம் இல்லாத பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, மண் இட்டு, தண்ணீரை மேல்மட்டம்வரை நிறுத்துகிறார்கள். மற்ற எந்தப் போன்சாய்க்கும் முதல் பாடம் வடிகால். இங்கே அந்தப் பாடத்தைத் தலைகீழாக்க வேண்டும். வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தால் வசந்தத்தில் கட்டை முழுக்கப் பச்சைப் புள்ளிகளாக மொட்டு கிளம்பும். கண்டபடி கிளம்பும். எதை விட வேண்டும், எதைத் தேய்த்து உதிர்க்க வேண்டும் என்று முடிவெடுப்பதில்தான் வடிவமைப்பு தொடங்குகிறது. உச்சியில் ஒரு தளிரைக் கட்டுப்பாடில்லாமல் ஓடவிடுவார்கள். அது தடிக்கத் தடிக்க, வெட்டிய வாயை ஓரத்திலிருந்து பட்டை மூடிக்கொண்டு வரும். பிறகு அதையும் வெட்டி, இன்னொரு தளிரை ஓடவிடுவார்கள். தண்டு மேலே போகப்போகச் சிறுத்துப்போகும் தோற்றம் இப்படித்தான் வருகிறது. இந்த மரம் கோடையில் மிக வேகமாகத் தடிக்கும். கிளையில் சுற்றிய கம்பியைச் சில வாரங்களுக்குள் பார்த்து அவிழ்க்காவிட்டால் பட்டைக்குள் புதைந்து தழும்பாகிவிடும்.

பல ஆண்டுகள் இந்தக் கட்டைகளை எல்லோரும் ஜப்பானியப் பைன் வடிவத்துக்கே கொண்டுபோனார்கள்: கூம்பு முடி, அடுக்கடுக்கான கிளைத் தட்டுகள். மாற்றியவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வான் பாண்டிங். தம் ஊர்ச் சதுப்பில் நிற்கும் கிழட்டு சைப்ரஸ்கள் அப்படி இல்லையே என்று பார்த்தார். இளவயதில் கூம்பாக இருக்கும் மரம், வயதாக ஆக உச்சி வேகம் குறைந்து, புயலிலும் இடியிலும் முனை முறிந்து, மேல்கிளைகள் மட்டும் அகலமாகப் பரந்து தட்டையான தலையோடு நிற்கிறது. கீழ்க்கிளைகள் உதிர்ந்து, நெடிய தண்டு வெறுமையாகத் தெரிகிறது. அந்த உருவத்தையே தொட்டிக்குக் கொண்டுவந்தார். ஃபிளாட்-டாப் என்ற அந்தப் பாணி இன்று உலகம் முழுக்க சைப்ரஸுக்கென்றே நிலைத்துவிட்டது. ஜப்பான் 1976-ல் அன்பளிப்பாகத் தந்த 53 மரங்களோடு தொடங்கிய வாஷிங்டன் தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில், வட அமெரிக்கத் தொகுப்பில் சைப்ரஸுக்கும் இடம் உண்டு. பாண்டிங் செய்ததை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஒரு மரத்தைத் தொட்டியில் வளர்ப்பதற்கு முன், அது தன் மண்ணில் எப்படி மூப்படைகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை அவர் இந்தக் கலைக்குள் கொண்டுவந்தார்.

அப்படிப் போய்ப் பார்ப்பவர்கள் இன்று லூசியானாவின் மான்ஷாக் சதுப்பில் காண்பது பெரும்பாலும் அடிக்கட்டைகளை. நெடிய மரங்கள் நின்ற இடம் அது. 1876-ல் சட்டம் மாறியதும் தெற்கின் அரசுச் சதுப்புகள் அடிமாட்டு விலைக்கு மர நிறுவனங்களிடம் போயின. 1890-க்குப் பிறகு நீராவி இயந்திரம் பொருத்திய படகுகள் கால்வாய் வெட்டி உள்ளே நுழைந்து, கம்பி வடத்தால் மரங்களை இழுத்துக் குவித்தன. 1920-களின் இறுதிக்குள் லூசியானாவின் பழைய சைப்ரஸ் காடு அநேகமாக முடிந்துவிட்டது.

வெட்டிய காடு மறுபடி முளைக்க வேண்டியதுதானே? முளைக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியமான செய்தி. சைப்ரஸ் விதை தண்ணீரில் மிதந்து போகும், ஆனால் தண்ணீருக்குள் முளைக்காது. வெள்ளம் வடிந்து, மண் ஈரமாக மட்டும் இருக்கும் சில வாரங்கள் அதற்கு வேண்டும். அடுத்த வெள்ளம் தலையை மூடுவதற்குள் நாற்று உயரவும் வேண்டும். 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு மிசிசிப்பியின் கரைகள் நெடுகிலும் உயர்த்திக் கட்டப்பட்டன. ஆறு வண்டலைச் சதுப்பில் கொட்டுவது நின்றது, நிலம் தாழ்ந்தது, பல இடங்களில் தண்ணீர் வடியாமலே நிற்கிறது. 1960-களில் கப்பல்களுக்காக வெட்டிய மிசிசிப்பி ரிவர் கல்ஃப் அவுட்லெட் கால்வாய் கடலின் உப்பை உள்ளே கொண்டுவந்து நியூ ஆர்லியன்ஸின் கிழக்கே இருந்த சைப்ரஸ் சதுப்புகளைக் கொன்றது. 2009-ல் அதை அடைத்தார்கள். எப்படியோ தப்பி முளைக்கும் நாற்றை, ரோமத்துக்காக 1930-களில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து இன்று பெருகிக் கிடக்கும் நியூட்ரியா என்ற கொறிவிலங்கு வேரோடு தின்கிறது. அதன் வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று 2002 முதல் அரசே பணம் கொடுக்கிறது.

ஆக, நல்ல தூரோடு நிற்கும் ஓர் இளம் சைப்ரஸ் சாதாரண மரம் இல்லை. அது முளைத்த இடத்தில் தண்ணீர் இன்னும் ஏறி இறங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அழிந்த காட்டுக்கு வாரிசு உருவாகக்கூடிய இடம் அது. போன்சாய்க்காரருக்குப் பிடித்த மரமும், சதுப்புக்கு அவசியமான மரமும் ஒன்றாகவே இருக்கின்றன. இதை எத்தனை பேர் எடுக்கிறார்கள், பெரிய கணக்கா என்று கேட்பவர்கள் உண்டு. இளம் சைப்ரஸ்களைத் தோட்ட மூடாக்குக்காகத் துண்டு துண்டாக அரைத்து மூட்டை கட்டிய தொழிலோடு ஒப்பிட்டால் இது தூசுதான். ஆனாலும், மரத்தின் தூரில் மயங்கி அதைத் தேடிப் போகிறவருக்கு மூடாக்கு விற்பவரின் அளவுகோல் போதாது என்பது என் கருத்து.

எடுக்கத் தகுந்த மரங்கள் இல்லாமல் இல்லை. சாலையோர வடிகால்களில் முளைத்தவை, வீட்டுமனைக்காக மண் கொட்டி மூடப்போகும் தாழ்நிலத்தில் நிற்பவை, தனியார் குளக்கரையில் நெருக்கியடித்து வளர்ந்தவை. எல்லாவற்றிலும் மேலானது உயர்மின் கம்பிகளுக்குக் கீழே நிற்கும் மரம். கம்பிமேல் படக்கூடாதென்று அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடுவார்கள். வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுத் தழைத்த சைப்ரஸ் குட்டையாக, தடித்த தூரோடு, ஏற்கெனவே பாதி போன்சாயாக நிற்கும். அது என்றைக்கும் காடாகப் போவதில்லை. எந்த மரமானாலும் நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். லூசியானாவில் அனுமதியில்லாமல் அடுத்தவர் மரத்தை வெட்டினால் அதன் மதிப்பைப்போல் மூன்று மடங்கு கட்டவேண்டி வரும்.

ஃபுளோரிடாவின் தெற்கே எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் குள்ள சைப்ரஸ் காடு ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைமேல் சில அங்குல மண். அதில் சத்தே இல்லை. நூறு வயதைத் தாண்டிய மரங்கள்கூட ஆள் உயரத்தை ஒட்டி நிற்கின்றன. பார்க்கிறவருக்குக் கை பரபரக்கும்தான். தொட்டால் குற்றம். அங்கே போவது கற்றுக்கொள்வதற்கு மட்டும்.

நம் ஊரிலும் இந்த வேறுபாடு தெரியாததல்ல. பழைய மதில் விரிசலிலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் வேர்விட்ட ஆல், அரசு, இச்சிக் கன்றுகளை எடுத்துப் போன்சாய் ஆக்குபவர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறார்கள். வீட்டுக்காரர் எப்படியும் பிடுங்கிப் போடப்போகிற கன்று அது, நல்ல வேலை. பிச்சாவரத்துத் தில்லைக்கோ கண்டல் மரத்துக்கோ அதே கையை நீட்டினால் கதை வேறு. காப்புக்காட்டில் ஒரு நாற்றைப் பெயர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

மரம் எடுக்கத் தோதான அதே குளிர்காலம்தான் லூசியானாவில் நாற்று நடவும் பருவம். தொண்டர்கள் படகில் ஏறி மொரெபா ஏரியைச் சுற்றியுள்ள சதுப்புகளுக்குப் போய், சைப்ரஸ் நாற்றுகளை நட்டு, நியூட்ரியா கடிக்காமல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பிளாஸ்டிக் காப்பு மாட்டிவிட்டு வருகிறார்கள். மிசிசிப்பி நீரின் ஒரு பங்கை மறுபடி அந்தச் சதுப்புக்குள் திருப்பிவிடும் திட்டத்தின் கட்டுமானமும் 2024 இறுதியில் தொடங்கியிருக்கிறது. போன்சாய்க்காரர்களுக்கு இந்த நடவு கடினமான வேலையில்லை. சேற்றில் நடக்கப் பழகிய கால் அவர்களுக்கு உண்டு. எந்த மேட்டில் தண்ணீர் நிற்காது, எங்கே நாற்று பிழைக்கும் என்பதை அவர்களைவிட நன்றாகக் கண்டுசொல்பவர்கள் குறைவு. ஒரு கட்டையைத் தொட்டிக்குக் கொண்டுபோகிற ஒவ்வொருவரும் அந்தப் படகுகளில் ஓர் இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.