எழுதாமல் விட்ட ஒரு வரி

1999 டிசம்பர் 3. செவ்வாயின் தென் துருவப் பகுதியில் இறங்கச் சென்ற நாசாவின் ‘மார்ஸ் போலார் லேண்டர்’ அதன்பிறகு தொடர்புக்கு வரவே இல்லை. பெரும்பாலும் நடந்தது இதுதான் என்று விசாரணைக் குழு சொன்னது: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கால்கள் விரிந்தபோது ஏற்பட்ட அதிர்வை, தரை தொட்டதாகச் சென்சார் பதிவு செய்தது. 40 மீட்டருக்கு வந்ததும் மென்பொருள் அதை நம்பி எஞ்சினை நிறுத்தியது.

அப்படிப் பொய்ச் சமிக்ஞை வரும் என்று திட்டவட்டமாகச் சொல்லும் வரி, மென்பொருளுக்கான தேவை ஆவணத்தில் இல்லை.

ஒரு மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே பட்டியலிடுவது இந்த ஆவணம். பெரிய திட்டங்களில் நூற்றுக்கணக்கான பக்கம் நீளும். எழுதுவது நாம் பேசும் மொழியில்தான். அதனால் குழப்பமும் கூடவே வரும். கணினியையே விட்டு அதைப் படிக்கச் செய்வதுதான் ‘இயற்கை மொழிச் செயலாக்கம்’ இங்கே செய்யும் வேலை.

1990களிலேயே நாசாவின் கோடார்ட் மையம் ‘ஏஆர்எம்’ என்ற கருவியை உருவாக்கியது. ‘போதுமான’, ‘இயன்றவரை’, ‘உரிய நேரத்தில்’ என்று பொருள்படும் நழுவலான ஆங்கிலச் சொற்களையும், ‘பின்னர் முடிவு செய்யப்படும்’ என்று விட்ட இடங்களையும் அது எண்ணிக் காட்டியது. ‘செயலி உரிய நேரத்தில் பதில் தர வேண்டும்’ என்ற வரியைப் பாருங்கள். எழுதியவர் மனதில் 2 விநாடி இருந்திருக்கலாம். நிரலாளர் 20 விநாடி என்று எடுத்துக்கொள்ளலாம். சோதிப்பவர் எதை வைத்துச் சரி, தவறு சொல்வார்?

சொல்லை எண்ணுவதோடு இந்தத் துறை நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் டிபால் பல்கலைக்கழகத்தில் ஜேன் கிளீலண்ட்-ஹுவாங் குழுவினர், பாதுகாப்பு, வேகம் போன்ற தரத் தேவைகளைத் தானாகப் பிரித்தெடுக்கக் கணினியைப் பழக்கினர். 2018இல் கூகுள் வெளியிட்ட ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரி, வாக்கியத்தில் ஒரு சொல் வரும் சூழலையும் கணக்கில் எடுத்தது. 2020இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் அதைத் தேவை ஆவணங்களுக்கென்று பயிற்றுவித்தார்கள்.

எழுதியதை அலசலாம்; எழுதாமல் விட்டதை என்ன செய்வது? அதற்கு ஓரளவு கைகொடுப்பது, ரோல்ஸ்-ராய்ஸ் பொறியாளர்கள் 2009இல் முன்வைத்த ‘இயர்ஸ்’ வாக்கிய வார்ப்புகள். அவற்றில் ஒன்று, ‘வேண்டாதது நடந்தால் கருவி என்ன செய்ய வேண்டும்’ என்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆவணத்தில் அந்த வார்ப்பு எங்கே காணவில்லை என்று கணினி தேடிக் காட்டலாம். அங்கே எதை எழுதுவது என்பதை, கருவியை அறிந்த பொறியாளரும் அதைப் பயன்படுத்தப் போகிறவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.