கிட்டப்பாவின் குரலைக் காத்த பூச்சி

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக ஓடும் ரயிலில் தெற்கே போனால் செங்கோட்டை வரும். எஸ். ஜி. கிட்டப்பாவின் ஊர். 1906இல் பிறந்தவர் 1933இல் மறைந்துவிட்டார், வயது 27. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையையும் எட்டிய குரல் அவருடையது. பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குரலை இன்று கேட்க முடிகிறது. 78 சுற்று இசைத்தட்டுகள் தந்த கொடை அது.

அந்தத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. புரசு, இலந்தை மரக் கிளைகளில் மொய்க்கும் அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின்தான் அதற்கு ஆதாரம்; பாண்டவர்களுக்காகக் கட்டிய மாளிகையின் அதே அரக்கு. அதில் கல்மாவும் கரியும் கலந்து, சூடாக்கி, அச்சில் அழுத்தினார்கள். கல்மாவு தட்டுக்கு உறுதி தந்தது. எஃகு ஊசியின் முனையைத் தேய்த்து, பள்ளத்துக்குப் பொருந்தச் செய்ததும் அதுதான். ஆகவே ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். பழைய ரிக்கார்டில் கேட்கும் இரைச்சலுக்கும் பெரும்பாலும் கல்மாவின் சொரசொரப்பே காரணம்.

பத்து அங்குலத் தட்டின் விளிம்பில், ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் பள்ளம் ஓடுகிறது. நொடிக்கு 500 முறை அதிரும் சுரம் அங்கே 2 மில்லிமீட்டருக்கு ஒரு நெளிவாகப் பதிந்திருக்கும். மையத்தை நெருங்கும்போது அதே நெளிவு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பாட்டின் கடைசியில் தெளிவு மங்குவது அதனால்தான். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். கொட்டகையில் விரித்துப் பாடியதை அதற்குள் அடக்கினார்கள் என்பது எனக்கு இன்னும் பெரிய வியப்பு.

அரக்குத் தட்டு நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் டெக்சாஸில் பிடிலையும் ஜாஸையும் கலந்து ஆடவைத்த பாப் வில்ஸ் குழுவின் ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ தட்டுகளும் அரக்கில் வந்தவையே. உலகச் சந்தைக்கு அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே போனது. இரண்டாம் உலகப் போர் மூண்டு வரத்துக் குறைந்ததும், 1942இல் அமெரிக்கா தட்டுகளுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதியவற்றை வார்த்தார்கள். தப்பியவற்றைச் சேகரிப்பாளர்கள் உயிராக மதிப்பதில் நியாயம் இருக்கிறது. 1960களிலும் 78 சுற்றுத் தட்டு இந்தியாவில் வந்துகொண்டிருந்தது. இங்கே அச்சான பீட்டில்ஸ் தட்டுகளை வெளிநாட்டார் இன்றும் தேடுகிறார்கள்.

சுந்தரபாண்டியத்திலோ வத்திராயிருப்பிலோ உங்கள் வீட்டுப் பரணில் கறுப்புத் தட்டு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். நிமிர்த்தி நிற்கவையுங்கள். எல்.பி. தட்டுக்கான ஊசி இதன் அகலப் பள்ளத்துக்குப் பொருந்தாது. 78க்கு உரிய ஊசி உள்ளவரிடம் கொடுத்து ஒலியைப் பதிவுசெய்து வையுங்கள்.